கைராசிக்காரியின் ஒன்பது இதயங்கள்

திங்கட்கிழமைக் கூட்டத்தில், பன்னிரண்டு பேர் தேநீர்க் கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, பேராசிரியர் கைராசியைப் பார்த்து, "உங்க கை போயிடுச்சும்மா" என்றார்.

பதினான்கு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் எலியின் இதயத்தைப் பிரித்து, உயிருள்ள தனித்தனிச் செல்களாக்கிக் கொடுப்பவள் அவள். அவள் தொட்டால் செல் சாகாது என்று சொல்லி அவளுக்குக் கைராசி என்று பெயர் வைத்ததே இந்த மனிதர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பெயர் வைத்தவரே வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனால் வயிறு எரியாமல் என்ன செய்யும். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். அவர் வருத்தப்பட்டுச் சொன்னார், துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு.

விஷயம் இதுதான். நமக்குப் பயமோ கோபமோ வந்தால் உடம்பில் அட்ரினலின் ஊறுகிறது. அது இதயத் தசைச் செல்லின் வெளிச்சுவரைத் தட்டுகிறது. உடனே உள்ளே ஒரு நொதி எழுந்து, அங்கிருக்கும் புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சின்னச் சீட்டை ஒட்டிக்கொண்டே போகிறது. சீட்டு விழுந்ததும் கால்சியம் வேகவேகமாக வந்து போகும், செல் பலமாகச் சுருங்கும், நெஞ்சு படபடக்கும். ஒட்டுகிறவன் மட்டும் இருந்தால் படபடப்பு ஓயவே ஓயாது. அதனால் பாஸ்பட்டேஸ் என்று இன்னொருவன் பின்னாலேயே வந்து சீட்டுகளை உரித்துப் போடுகிறான். அந்த உரிக்கிறவன் கையைக் கொஞ்சம் பிடித்து வைத்தால், களைத்துப்போன இதயம் குறைந்த அட்ரினலினிலேயே நன்றாகத் துடிக்குமே என்று பேராசிரியர் நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை. அதற்காக அவர்கள் செய்து பார்த்த மருந்துகளில் எழுபத்திரண்டாவது மட்டும் தேறியது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எழுபத்திரண்டு என்றே கூப்பிட்டார்கள்.

அதைத் தேற்றியவள் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, முனைவர் பட்டம் வாங்கியவள். முப்பத்து மூன்று வயது. படித்தது இயற்பியல், செல் வேலையை இங்கே வந்துதான் பழகினாள். அட்ரினலின் மட்டும் பட்ட செல்லை உடைத்துப் பார்த்தால், சீட்டு ஒட்டிய புரதம் மங்கலான ஒரு பட்டையாகத் தெரிந்தது. எழுபத்திரண்டும் சேர்ந்து பட்ட செல்லில் அதே பட்டை கறுகறுவென்று வந்தது. மூன்று வருடத்தில் முப்பது முறை அப்படியே வந்தது. கட்டுரை எழுதிப் பெரிய இதழ் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், இதை இன்னொருவர் கையால் செய்து காட்டுங்கள் என்று கேட்டுவிட்டார். அந்த இன்னொரு கை கைராசியின் கை.

ஏழு வாரத்தில் ஒன்பது இதயம் பிரித்தாள். ஒன்பது முறையும் இரண்டு பட்டையும் ஒரே கறுப்பு. மருந்து போட்டாலும் அதேதான், போடாவிட்டாலும் அதேதான்.

"பிரிக்கும்போதே செல்லை முரட்டுத்தனமா கையாண்டிருக்கீங்க. அட்ரினலின் படுறதுக்கு முன்னாடியே அதுங்க பதறிப்போய் நிக்குது. அதான் மருந்தோட வித்தியாசம் தெரியல" என்றார் பேராசிரியர்.

"அட்ரினலினே போடாத தட்டும் வெச்சிருந்தேன் சார். அதுல பட்டையே இல்ல. முன்னாடியே பதறியிருந்தா அதுலயும் வந்திருக்கணுமே?"

"அது வேறம்மா."

எது வேறு, எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. சுற்றி இருந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தராவது கேட்பார்கள் என்று கைராசி பார்த்தாள். எல்லாருக்கும் திடீரென்று தேநீரில் அக்கறை வந்துவிட்டது. டாக்டரம்மா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை இதழுக்குப் பதில் போகணும்" என்று பேராசிரியர் முடித்தார். "பதிவேட்டுல அந்த ஒன்பது பக்கத்துலயும் 'செல்கள் தரமில்லை'ன்னு எழுதி கையெழுத்து போட்டுடுங்க. அதை விட்டுட்டு மத்ததை வெச்சுப் பார்த்துக்கலாம். உங்க ஒப்பந்தமும் அடுத்த மாசம் புதுப்பிக்க வருது, இல்ல?"

கடைசி வாக்கியத்தை அவர் சும்மா ஞாபகம் வந்ததைப் போலச் சொன்னார். கைராசி பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வழியில் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவள் கணவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்று வாசலில் கிடந்தது, இன்னொன்று அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மகள் அறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இன்னைக்கு நான் எதுவும் கேக்கல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவனுக்கு. எதையும் முதலில் நிறுத்தி, பிறகு திறந்து பார்க்கிற சுபாவம். அவள் கொட்டித் தீர்க்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

"கையெழுத்துதானே. போட்டுட்டு வேலையைப் பாரேன்" என்றான் கடைசியில். "நீயா அந்த மருந்தைக் குடிக்கப் போற?"

"லிஃப்டுக்குள்ள அட்டையில நீங்க கையெழுத்து போடுறீங்களே, மேல ஏறிக் கயிற்றைப் பார்க்காம என்னைக்காவது போட்டிருக்கீங்களா?"

"அது ஆளுங்க ஏறுற லிஃப்ட்."

"இது ஆளுங்க விழுங்கப் போற மருந்து."

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரே ஒரு தடவை போட்டிருக்கேன்" என்றான். "நல்ல மழை. கட்டட மேனேஜர் அவசரப்படுத்தினான். மேல போகாமலே போட்டுட்டேன். ஒண்ணும் ஆகலதான். ஆனா அந்த மாசம் பூரா, அந்த நம்பர்லேர்ந்து போன் வந்தாலே எனக்குக் கை நடுங்கும்."

"நல்லா இருக்கு. இதை வேற பெருமையா சொல்லுங்க."

"பெருமைக்கு சொல்லலடி. உனக்கு அந்த நடுக்கம் வேண்டாம்னு சொல்றேன். போடாத."

இத்தனை வருடமாக இதைச் சொல்லாமல் மறைத்திருக்கிறானே என்று அவன் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு யார் வாயைத் திறந்தாலும் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் படுக்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கை போயிற்றா இல்லையா என்பதை நாளைக்கு அவர்கள் கண்ணெதிரிலேயே பார்த்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே அவள் மேசையில் இருந்தாள். இதயத்தை எடுத்து, அதன் பெருங்குழாயில் ஊசியைச் செருகி, நூலால் கட்டித் தொங்கவிட்டாள். வெதுவெதுப்பான திரவம் உள்ளே இறங்க இறங்க ரத்தம் வடிந்து இதயம் வெளுத்தது. அடுத்தது தசையை இளக்கும் நொதி. எத்தனை நிமிடம் என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறது. அவள் தாளைப் பார்ப்பதில்லை. கீழே சொட்டும் துளியின் பிசுபிசுப்பைப் பார்ப்பாள், விரல் நுனியால் இதயத்தை லேசாகத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நிமிடம் குறைந்தால் செல்கள் பிரியாது, ஒரு நிமிடம் கூடினால் அத்தனையும் உருண்டையாகச் சுருண்டு செத்துவிடும். இளகியதும் இடுக்கியால் பிய்த்து, வலையில் வடிகட்டி, கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தாள். நீள நீளமாக, குறுக்கே வரி வரியாக, அசையாமல் கிடந்தன. எண்ணிப் பார்த்தாள். நூற்றுக்கு எண்பத்து நாலு நல்ல செல்.

"டாக்டரம்மா, கொஞ்சம் வந்து பாரு" என்று கூப்பிட்டாள். "தரமில்லாத செல்லு எப்படி இருக்குன்னு."

டாக்டரம்மா பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சுருங்கியிருந்தது. "அழகா இருக்குக்கா."

"அழகு கிடக்கட்டும். பாதித் தட்டை நீ எடுத்துக்க. உன் பெஞ்சுல, உன் பாட்டில்ல, உன் கையால பண்ணு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"சாருக்குத் தெரிஞ்சா..."

"நல்லா தெரியட்டும்."

கைராசி சொன்னபடி பக்கத்தில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாக நின்றாள். டாக்டரம்மா தட்டுகளில் அட்ரினலின் விட்டாள், சிலவற்றில் எழுபத்திரண்டும் விட்டாள், ஐந்து நிமிடம் வைத்தாள். எல்லாம் கைராசி செய்வதைப் போலத்தான். மேலே நின்ற திரவத்தை உறிஞ்சி எடுத்தாள். அதுவும் அதேதான். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து, செல்லை உடைக்கும் பஃபரை நேராகத் தட்டில் ஊற்றப் போனாள்.

"நில்லு. மாத்திரை எங்க?"

"எந்த மாத்திரை?"

"பஃபர்ல போடுற மாத்திரை. உரிக்கிறவனைத் தடுக்கிற மாத்திரை."

"அது இதுல போடறதில்லக்கா." டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னாள். "நாம சோதிக்கிற மருந்தே உரிக்கிறதைத் தடுக்கிற மருந்துதானே. பஃபர்லயும் இன்னொரு தடுப்பானைப் போட்டா, எது எதோட வேலைன்னு எப்படித் தெரியும்? சார்தான் போட வேண்டாம்னாரு. நான் சேர்ந்த முதல் மாசமே சொல்லிட்டாரு."

கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். படிக்காதவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். தாளில் போடு என்று எழுதியிருந்தால் போட்டுவிட்டுப் போவான். நிறையப் படித்து, நிறைய யோசிக்கிறவர்களுக்குத்தான் இப்படி ஒரு பள்ளம் வெட்டி அதில் தானே விழத் தெரியும்.

கைராசிக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு தட்டுகளை எடுத்து முன்னால் வைத்தாள். "இந்த ரெண்டுலயும் அட்ரினலின் மட்டும் விடு. எழுபத்திரண்டு வேண்டாம். ஒண்ணை உன் பஃபர்ல உடை. இன்னொண்ணை அதே பஃபர்ல ஒரு மாத்திரையைக் கரைச்சுட்டு உடை. எல்லாம் நீயே பண்ணு. என் கை படவே வேண்டாம், அப்புறம் கை போச்சுன்னு சொல்லுவீங்க."

வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் அது ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், இதே பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் அவள் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த பெண்ணுக்குப் பேராசிரியர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மாத்திரை போட வேண்டாம் என்றார். கைராசியின் கை ஒரு கணம் நின்றது. செல் செத்துவிடும், உரிக்கிறவன் சாக மாட்டானே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக் குடுவையைக் கழுவினாள். பேராசிரியர் சொல்வதில் தொட்டியடியில் நிற்கிறவள் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும். அத்தோடு மறந்தும் போனாள். தனக்குத் திருப்பிச் செய்யச் சொல்லி வந்த தாளில் 'வழக்கமான பஃபர்' என்றுதான் இருந்தது. அவளுடைய வழக்கம் மாத்திரை போடுவது. போட்டாள்.

பேருந்தில் பக்கத்தில் இருந்தவள், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். கைராசி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் இருட்டறைத் திரையில் பட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. டாக்டரம்மாவின் வழக்கமான தட்டுகள் வழக்கப்படியே வந்தன, ஒன்று மங்கல், மருந்து போட்டது கறுப்பு. அதற்குப் பக்கத்தில் கடைசி இரண்டு தட்டும் தெரிந்தன. இரண்டிலும் மருந்து இல்லை. மாத்திரை இல்லாத பஃபரில் உடைத்தது மங்கல். மாத்திரை போட்ட பஃபரில் உடைத்தது, எழுபத்திரண்டு போட்டதைப் போலவே, மை கொட்டியதைப் போலக் கறுப்பு.

டாக்டரம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, இது என்ன?"

"என்னன்னு உனக்கே தெரியுது. செல்லை உடைச்சா செல்லு செத்துடும். உரிக்கிறவன் சாக மாட்டான். அவனுக்கு எல்லாக் கதவும் திறந்தாச்சு, இஷ்டத்துக்கு உரிச்சுத் தள்ளுவான். அதான் அட்ரினலின் மட்டும் போட்ட தட்டு உனக்கு மங்கலா வந்துச்சு. உன் எழுபத்திரண்டு அந்தத் தட்டுல மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டு இருந்து, பஃபர்ல கலந்து, அவனைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. என் ஒன்பதுலயும் மாத்திரை இருந்துச்சு, அதான் மருந்து போட்டாலும் போடாட்டாலும் ஒரே கறுப்பு. செல்லு உயிரோட இருந்த அஞ்சு நிமிஷமும் மருந்து வாசல்லயே நின்னிருக்கு. உள்ள போகவே இல்ல." அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "உன் மருந்து செத்த செல்லுலதான்டி வேலை செய்யுது. சாகறதுக்கு முன்னாடி ஒண்ணையும் பிடுங்கல."

டாக்டரம்மா இருட்டறையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுவாள் என்று கைராசி எதிர்பார்த்தாள். அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, கையெழுத்து போட்டுடறீங்களா?"

"என்ன சொன்ன?"

"எனக்கு அடுத்த வாரம் நேர்காணல். சொந்தமா ஒரு ஆய்வுக்கூடம் குடுக்கிற வேலை. இந்தக் கட்டுரையை வெச்சுத்தான் கூப்பிட்டிருக்காங்க. வேலை கெடைச்சதும் நானே திருத்தம் எழுதிடுறேன். சத்தியமா. இப்போ மட்டும் அந்த ஒன்பதை விட்டுடலாம்கா."

"ஏன், உன் வேலைக்கு நான் என் கையை வெட்டிக் குடுக்கணுமா?" கைராசி கத்தினாள். இருட்டறைக்கு வெளியே யாரோ நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். "ஏழு வாரம் நான் பைத்தியக்காரி மாதிரி என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியை மாத்தினேன். வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்போ எல்லாம் நீ நகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த. ஒரு வார்த்தை சொன்னியா? அக்கா செல்லு நல்ல செல்லுன்னு ஒரு வார்த்தை?"

"இல்லக்கா."

"தெரியும்தானே உனக்கு?"

"தெரியும். பயமா இருந்துச்சு."

அந்த வார்த்தை கைராசியை எங்கேயோ குத்தியது. நேற்றுப் பேருந்தில் உட்கார்ந்து எதை மென்று விழுங்கினாளோ, அது மறுபடி தொண்டைக்கு வந்தது. அவள் படத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்றவர்கள் அவளுக்கு வழி விட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பேராசிரியரின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசை மேல் பதிவேடு, அதன் மேல் அந்தப் படம். கைராசி நடந்ததை நடந்தபடி சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, படத்தைக் கண்ணருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். என்ன இருந்தாலும் விஷயம் தெரிந்தவர். அவருக்கு இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்து நரம்பு ஒன்று புடைத்துப் புடைத்து அடங்குவது கைராசிக்குத் தெரிந்தது.

படத்தை வைத்துவிட்டு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இந்த பஃபரை யார் தயாரிச்சது?"

"நான்தான் சார்."

"மாத்திரை இல்லாம செல்லை உடைக்கக்கூடாதுன்னு முதல் வருஷம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். மூணு வருஷம் என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "இதழுக்கு நான் எழுதிடறேன். தயாரிப்புல தவறு நடந்திருக்கு, அதுக்குப் பொறுப்பானவங்க இனிமே இந்தக் கூடத்துல இல்லைன்னு. நேர்காணலுக்கும் ஒரு கடிதம் போடணும், வேற வழியில்ல."

டாக்டரம்மா வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் கைராசியின் பக்கம் திரும்பிவிட்டார், முகத்தில் மறுபடியும் அந்த வருத்தம்.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்க கை நல்ல கைதான். கைராசின்னு பேர் வெச்சது வீண் போகல. ஒப்பந்தத்தை இன்னைக்கே எழுதிடச் சொல்றேன். கட்டுரையைத் திரும்ப எழுதும்போது உங்க பேரையும் சேர்த்துக்கலாம்."

அவ்வளவுதான். திங்கட்கிழமையிலிருந்து எதற்காகக் கொதித்துக்கொண்டிருந்தாளோ, அத்தனையும் வந்துவிட்டது. எழுந்து, நன்றி சார் என்று சொல்லிவிட்டு, மேசைக்குப் போய் அடுத்த இதயத்தைத் தொங்கவிட வேண்டியதுதான். தன்னைக் காட்டிக்கொடுக்கத் துணிந்த ஒருத்திக்கு இப்போது நன்றாக வேண்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஒரு நொடி அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

பிறகு அவருடைய வருத்த முகத்தைப் பார்த்தாள். போன முறை தன் கை போனதற்கு வருத்தப்பட்ட அதே முகம், அதே சாய்வு. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நீங்கதான் சார் போட வேண்டாம்னீங்க."

"என்னது?"

"மாத்திரையை. மூணு வருஷம் முன்னாடி, இவ பெஞ்சுக்கிட்ட நின்னு சொன்னீங்க. நாம சோதிக்கிறதே தடுக்கிற மருந்துதானே, இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டீங்க. நான் தொட்டியில குடுவை கழுவிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை விடாம என் காதுல விழுந்துச்சு."

பேராசிரியர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அது தப்புன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

நல்ல கேள்வி கேட்பார். அதனால்தான் பேராசிரியர். என்னை யார் கேட்டார்கள் என்று திருப்பிக் கேட்க அவள் நாக்கு வரை வந்தது. நான் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்களா என்றும் வந்தது. இரண்டும் உண்மைதான். இரண்டும் சப்பைக்கட்டு என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"பயம் சார்" என்றாள். "உங்களை எதிர்த்துப் பேச பயம். அப்புறம் அது என் வேலை இல்லைன்னு விட்டுட்டேன். மூணு வருஷம் இவ வீணாப் போனதுல எனக்கும் பங்கு இருக்கு."

டாக்டரம்மா முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

கைராசி பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். முதல் பக்கத்தில் 'செல்கள் நல்லவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தைத் திருப்பி இரண்டாவதில் எழுதினாள். அவசரப்படவில்லை. ஒன்பது பக்கமும் முடியும்வரை அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பேனாவின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாவது பக்கம் செவ்வாய்க்கிழமையுடையது. அதில் கொஞ்சம் கூடுதலாக எழுதினாள். 'எழுபத்திரண்டு உயிருள்ள செல்லுக்குள் போகவில்லை. முன்பு வந்த முடிவுகள் மாத்திரை போடாத பஃபரால் வந்தவை. போட வேண்டாம் என்று சொன்னவர் பேராசிரியர். தவறு என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தவள் நான்.' அதன் கீழே பெற்றவர்கள் வைத்த பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கீழ உங்களுக்கு ஒரு வரி விட்டிருக்கேன் சார்."

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். "உங்க ஒப்பந்தம்..." என்று ஆரம்பித்தார்.

"அது அடுத்த மாசம் சார். இது இன்னைக்கு."

அவர் பதிவேட்டைத் தொடவில்லை. ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார். டாக்டரம்மா எழுந்து வந்து கைராசியின் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தாள். 'பஃபரைத் தயாரித்தவள் நான், கேள்வி கேட்காதவளும் நான்' என்று எழுதினாள். பேராசிரியருக்கென்று விட்டிருந்த வரியைத் தொடாமல், அதற்கு அடுத்த வரியில் எழுதி, தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு, பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.